ஏழு வயதில் எதற்கு ரேங்க்?

முதல் மீட்டிலேயே ஒரு மெடல் விழுந்துவிட வேண்டும். விழவைப்பது பெற்றோர் கையில்தான் இருக்கிறது. கோவையில் பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அனுப்பும் பல வீடுகளில் இது எழுதாத சட்டம். மீட்டுக்குத் தேதி அறிவித்த அன்றே வீட்டின் நடைமுறை மாறிவிடும். வாரம் மூன்று நாள் வகுப்பு ஆறு நாளாகும். அதுவும் போதாதென்று மாஸ்டரிடம் தனிக் கோச்சிங் கேட்பார்கள். சோபாவைச் சுவரோரம் தள்ளி, டைல்ஸ் தரையில் யோகா மேட் விரித்து, யூட்யூபைப் பார்த்து அப்பா ஸ்பிளிட் சொல்லித்தருவார். இரவுத் தட்டில் சோறு குறையும். மீட் அன்று காலரியின் முதல் படியில் அம்மா செல்போனும் கையுமாக நின்று, "காலை நீட்டு கண்ணு, சிரி கண்ணு" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். மெடல் வரவில்லையென்றால் சரவணம்பட்டி வரை காருக்குள் யாரும் பேச மாட்டார்கள்.

இப்படிச் செய்பவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பக்க நியாயத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் யாருக்கும் எதுவும் சும்மா வந்ததில்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டாங்காட்டில் கிணறு வெட்டியவர்கள், லேத் பட்டறையில் நின்று தொழில் கற்றுச் சொந்தமாக மெஷின் போட்டவர்கள், பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து யூனிட் வைத்தவர்கள்: இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று காலரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கினால் முழுசாக இறங்க வேண்டும், அரைகுறையாக ஒரு காரியத்தைத் தொடக் கூடாது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அடுத்து, செலவு. மாதக் கட்டணம், லியோடார்ட், மீட்டுக்கு நுழைவுக் கட்டணம், அன்னூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ கூட்டிவரும் பெட்ரோல், சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு வரும் நேரம். "ஏனுங்க, இத்தனை செலவு பண்ணிப்போட்டு ஒரு மெடல்கூட இல்லீன்னா எப்படிங்க?" என்ற கேள்வி பேராசையில் பிறந்ததில்லை. மூன்றாவதாக, சின்ன வயதில் ஜெயித்த ருசி தெரிந்தால்தான் பிள்ளை விளையாட்டில் நிலைக்கும் என்று நம்புகிறார்கள். நாலாவது, உலகமே போட்டிதான், சீக்கிரம் பழகட்டுமே என்கிறார்கள்.

இந்த நியாயங்கள் வியாபாரத்தில் எடுபடலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் மீட்டில் இவற்றில் ஒன்றுகூட நிற்காது.

1. பயந்தால் விழுகிற விளையாட்டு இது.

ஓட்டப் பந்தயத்தில் பதற்றப்படும் பிள்ளை இரண்டு விநாடி தாமதமாக வந்து சேரும், அவ்வளவுதான். ஜிம்னாஸ்டிக்ஸில் பதற்றத்துக்கு விலை கழுத்தும் மணிக்கட்டும். பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், சர்வதேசப் போட்டிகளில் உயரம் 1.25 மீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு உயரத்தைக் குறைப்பார்கள்; அகலம் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. அதன்மேல் நிற்கும் பிள்ளைக்கு மாஸ்டர் முதலில் சொல்லித்தருவது கண்ணை எங்கே வைப்பது என்பதை. பீமின் மறுமுனையில் வை, அங்கிருந்து எடுக்காதே என்பார். காலரியிலிருந்து "கண்ணு!" என்று பழகின குரல் வந்தால் பிள்ளையின் கண் எங்கே போகும்? அம்மா உதவியாக நினைத்துக் கொடுத்த குரல் அந்த நொடியில் பிள்ளையைப் பீமிலிருந்து தள்ளிவிடுகிற கை.

இதைச் சின்னப் பிள்ளைகளின் பலவீனம் என்று எண்ண வேண்டாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின் அணி இறுதிப் போட்டியில், இரண்டரை முறுக்குப் போட வேண்டிய வால்ட்டில் சிமோன் பைல்ஸ் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு அவருக்கு அற்றுப்போயிருந்தது. அந்த ஒரு வால்ட்டோடு அணிப் போட்டியிலிருந்து விலகினார். உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருந்த சுமையில் உடம்புக்கும் மனசுக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது, உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டுக்கே. உங்கள் மகளுக்கு உலகம் என்பது நீங்கள் இரண்டு பேரும் அம்முச்சியும்தான். அந்த மூன்று பேரும் காலரியில் மெடலுக்காகக் காத்திருந்தால் அவளுக்கும் அதே சுமைதான்.

2. அந்த மெடல் எதையும் அளக்கவில்லை.

சின்ன மீட்களில் பிரிவுகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று யாராவது கவனித்தீர்களா? வயது, பால், நிலை என்று பிரித்துக்கொண்டே போகும்போது சில பிரிவுகளில் நாலு பேர்தான் இருப்பார்கள். நாலில் மூன்று பேருக்கு மெடல். பக்கத்துப் பிரிவில் முப்பது பேர் இறங்கியிருப்பார்கள், அங்கே நாலாவதாக வந்த பிள்ளை வெறுங்கையோடு போகும். நாலு பேரில் மூன்றாவதாக வந்த பிள்ளையின் வெண்கலம் வீட்டு ஷோகேஸில் ஏறுகிறது, முப்பது பேரில் நாலாவதாக வந்த பிள்ளைக்கு "இன்னும் கஷ்டப்படணும் சாமி" என்று அறிவுரை கிடைக்கிறது. எந்தப் பிள்ளை நன்றாகச் செய்தது? மெடலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மதிப்பெண் வரும் வழியையும் பார்க்க வேண்டும். செய்முறைக்கான மதிப்பெண் 10-இல் தொடங்கிக் கீழே இறங்கும். முழங்கால் லேசாக மடங்கினால் 0.1 போகும், தவறு பெரிதானால் 0.3, அதற்கும் மேலென்றால் 0.5. விழுந்தால் 1.0. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஜட்ஜுக்குச் சல்யூட் வைக்க மறந்தால்கூட சர்வதேச விதிப்படி 0.3 போய்விடும். அதாவது, பிள்ளை ஒரு நிமிஷத்துக்குள் செய்த அத்தனை சரிகளுக்கும் போர்டில் இடமில்லை. போர்டு காட்டுவது தவறுகள் கழிந்து மிஞ்சியதை. இப்படி ஓர் அமைப்பில் முதல்முறை நிற்கும் பிள்ளைக்கு, அது விட்ட 0.3-ஐ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஞாபகப்படுத்த இன்னொரு ஜட்ஜ் தேவையில்லை. சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் அந்த வேலையை ஏற்கனவே செய்துவிட்டார்கள்.

எட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒன்றாக இறங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது கையூன்றி நிற்கிற வலு.

3. அவசரத்துக்குக் காரணம் விளையாட்டில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது.

இதைத்தான் யாரும் வெளியே பேசுவதில்லை. ஏழு வயதில் மெடல் எதற்கு என்று கேட்டால், "ஜிம்னாஸ்டிக்ஸ்ல வயசு ரொம்ப முக்கியமுங்க, சின்னதிலேயே சாதிச்சாத்தான் உண்டு" என்பார்கள். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் பத்துக்குப் பத்து வாங்கிய நாடியா கொமனேச்சிக்கு வயது 14 என்பதை எங்கேயோ படித்திருப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 1997 முதல் சர்வதேச சீனியர் போட்டிகளில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 16. பாரிஸில் 2024-இல் மூன்று தங்கம் வென்ற பைல்ஸுக்கு வயது 27. உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினா எட்டு ஒலிம்பிக்ஸில் இறங்கியவர். டோக்கியோவில் 46 வயதில் வால்ட் ஓடினார். நம் தீபா கர்மாகர் 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட்டில் தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 30. இந்த விளையாட்டு இருபதுகளையும் தாண்டிக் காத்திருக்கத் தயார் என்று ஆகிவிட்டது.

காத்திருக்கத் தயாராக இல்லாதவர்கள் நாம்தான். பையனென்றால் ஒன்பதாவதோடு நிறுத்திவிடுவோம், பத்தாவது பப்ளிக் எக்ஸாம் வருகிறதே. பெண்ணென்றால் அதற்கும் முன்னால். பெரியவளான பிறகு அந்த லியோடார்ட் உடையில் நாலு பேர் முன்னால் எப்படி நிறுத்துவது என்று பெரியப்பா வீட்டில் ஒரு வார்த்தை வரும், அதோடு வகுப்பு நின்றுவிடும். அந்தத் தேதி பெற்றோரின் மனதில் முதல் நாளே குறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் நாலு மெடலும் சுவரில் மாட்ட ஒரு ஃபோட்டோவும் எடுத்துவிட வேண்டும், அதுதான் அவசரம். பிள்ளையின் ஆர்வத்துக்குக் கெடு வைத்தவர்கள் நாம், அந்தக் கெடுவின் நெருக்கடியை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம்.

உடைதான் சங்கடம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. 2021-இல் பாசல் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும், பிறகு டோக்கியோவிலும் ஜெர்மனிப் பெண்கள் கணுக்கால் வரை மூடிய முழு உடையில் இறங்கினார்கள். விதி அதை அனுமதிக்கிறது, மதிப்பெண் குறையாது. உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிக்காக ஒரு பெண்ணின் விளையாட்டை நிறுத்துவது நியாயமா? கெடுவைத் தள்ளிவையுங்கள். முதல் மீட்டின் மெடல் எவ்வளவு சின்ன விஷயம் என்பது அப்போது தானாகத் தெரியும்.

4. சான்றிதழ் எதற்கும் உதவாது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துக்கொண்டு ஃபைல் போட்டு வைக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. கல்லூரிச் சேர்க்கையிலும் இடங்கள் உண்டு. அங்கே கேட்பது அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்தும் போட்டிகளில், மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடிய சாதனையை. இரண்டாம் வகுப்பில் ஒரு கிளப் மீட்டில் வாங்கிய காகிதத்தை எந்தக் கவுன்சலிங்கிலும் யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

5. வீட்டுப் பயிற்சியும் பட்டினியும் தயாரிப்பு இல்லை, ஆபத்து.

ஸ்பிளிட்டில் உட்காரும் பிள்ளையின் இடுப்பு தரையைத் தொடவில்லை. அப்பா தோளில் கை வைத்து அழுத்துகிறார். பிள்ளை அழுகிறது. "வலிச்சாத்தான் வரும்." இந்தக் காட்சி நம் ஊர் அபார்ட்மெண்ட் ஹால்களில் நடப்பதுதான். மாஸ்டருக்குத் தெரிந்து பாதி நடக்கிறது, தெரியாமல் பாதி. வளரும் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. கையூன்றி நிற்கும்போதும் கார்ட்வீல் சுற்றும்போதும் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும்; அது மிதமிஞ்சினால் பாதிக்கப்படுவது அந்தத் தட்டுதான். இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதால் டாக்டர்கள் அதற்கு ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி என்று மாஸ்டர் வைத்திருப்பது மீதி நாலு நாள் அந்த எலும்பு ஆறட்டும் என்பதற்கும் சேர்த்துத்தான். அந்த நாலு நாளையும் டைல்ஸ் தரையில் செலவழித்துவிட்டு, பிள்ளை மெதுவாகத்தான் தேறுகிறது என்று மாஸ்டரிடம் புகார் சொல்கிறோம்.

2011-இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸ்களில் குழந்தைகளை வைத்து வேலை வாங்குவதைத் தடைசெய்ய உத்தரவிட்டது. கூடாரத்துக்குள் ஒரு பிள்ளையின் உடம்பை அழவைத்து வளைத்தால் நமக்குப் பதறுகிறது. அதையே ஹாலில் பெற்றவர் செய்தால் அக்கறை என்று பெயர்.

சாப்பாட்டுக்கு வருவோம். வயிறு தெரியக் கூடாது, உடம்பு லேசாக இருக்க வேண்டும் என்று முந்தின ராத்திரி சோற்றைக் குறைப்பவர்களும், காலையில் வெறும் ஜூஸோடு கூட்டிவருபவர்களும் உண்டு. பீமிலும் ஃப்ளோரிலும் பெரியவர்களுக்கே உச்ச வரம்பு 90 விநாடிதான். உங்கள் பிள்ளை மொத்தமாக ஆடப்போவது சில நிமிஷம், காத்திருக்கப்போவது அரை நாள். வார்ம்-அப், அணிவகுப்பு, வராத சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பு, வந்த பிறகு அவர் பேச்சு, அதற்கப்புறம் ரொட்டேஷன். வெறும் வயிற்றோடு இதையெல்லாம் தாண்டி ஒரு ஏழு வயசு எப்படி நிற்கும்?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. மெடலுக்காக வலியைச் சொல்லாதே என்று பழக்கிய பிள்ளை வேறு எதையும் சொல்லாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பேரில் வருஷக்கணக்காகச் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான்; சில சமயம் பெற்றோர் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே. 2018 ஜனவரியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கோர்ட்டில் எழுந்து நின்று பேசிய பிறகு 40 முதல் 175 வருஷம் தண்டனை விதிக்கப்பட்டது. பிரிட்டனில் 2022 ஜூனில் வெளியான ஒயிட் அறிக்கை, அங்கே ஜிம்னாஸ்டிக்ஸில் உடல்ரீதியான, மனரீதியான கொடுமை பரவலாக, அமைப்பின் வழக்கமாகவே இருந்ததைப் பதிவு செய்தது. கோச் சொன்னால் சரி, வலியைத் தாங்கிக்கொள், மெடல்தான் முக்கியம் என்ற மூன்று பாடங்களும் அங்கேயும் படிக்கப்பட்டவைதான். நம் ஊர் மாஸ்டர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், பொறுமைசாலிகள். நல்லவர்களை நம்பிப் பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டால், நாளைக்கு வேறொருவர் வரும்போது அவிழ்க்க முடியாது.

6. மெடல் இல்லாவிட்டால் ஆர்வம் போய்விடும் என்பது கணக்கிலேயே தவறு.

இந்த வாதம் உண்மையென்று வைத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள் இறங்கிய பிரிவில் மூன்று பேருக்கு மெடல், மீதி 27 பேரின் ஆர்வம் அன்றோடு போயிற்று. அடுத்த மீட்டில் இறங்க ஆள் வேண்டாமா? நாலு மீட் நடந்தால் ஜில்லாவில் ஜிம்னாஸ்டிக்ஸே இருக்காது. அப்படி நடக்கவில்லை என்பதே வாதம் தப்பு என்பதற்குச் சாட்சி. மெடல் இல்லாத பிள்ளைகளும் அடுத்த வாரம் வகுப்புக்கு வருகிறார்கள். ஃபோம் பிட்டில் குதிக்கிற சந்தோஷம், பக்கத்தில் நிற்கும் தோழி, போன மாதம் வராத ஹேண்ட்ஸ்டாண்ட் இந்த மாதம் மூன்று விநாடி நின்ற பெருமை, இதெல்லாம்தான் அவர்களை இழுக்கிறது. யாராவது நிற்கிறார்களென்றால், பெரும்பாலும் வீட்டில் நிறுத்தியிருப்பார்கள்.

நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கு விதிமுறைகளே வைத்திருக்கிறார்கள். 1987-இல் கொண்டுவந்தது, 2007-இல் திருத்தியது. பிள்ளைக்கு 11 வயதாகும் வருஷம் வரை ரேங்க் பட்டியல் போடக் கூடாது. 13 வயதாகும் வருஷம் வரை தேசிய சாம்பியன்ஷிப்பில் இறக்கக் கூடாது. அப்படி வளர்ந்த நாடு என்ன ஆயிற்று? சுமார் 55 லட்சம் பேர்தான் அங்கே. கோவை, ஈரோடு மாவட்டங்களின் ஜனத்தொகையை 2011 கணக்கில் கூட்டினால் அதைத் தாண்டிவிடும். 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் 39 பதக்கங்கள் வாங்கினார்கள். ஒரே குளிர்கால ஒலிம்பிக்ஸில் எந்த நாடும் அதுவரை அவ்வளவு வாங்கியதில்லை. அங்கே பனி இருக்கிறது, பணம் இருக்கிறது, அவர்கள் ஜெயிப்பது ஜிம்னாஸ்டிக்ஸில் இல்லை என்பதெல்லாம் சரி. ரேங்க் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் போட்டிக்கு லாயக்கில்லாமல் போவார்கள் என்ற பயத்துக்கு மட்டும் இந்த ஒரு பதில் போதும்.

நார்வே வரை போக வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் மார்க்குக்காகவே நடந்த விடுதிப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்றது. மே மாதம் ஆனால் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகளின் ஃபோட்டோ போட்டுப் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வரும். 2017-இல் பள்ளிக் கல்வி அமைச்சராகவும் கோபிச்செட்டிபாளையம் எம்.எல்.ஏ.வாகவும் இருந்த கே.ஏ.செங்கோட்டையன் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலையே எடுத்துவிட்டார். பதினேழு வயசுப் பிள்ளைக்கே அந்தப் பட்டியல் கெடுதல் என்று முடிவு செய்து வருஷங்கள் ஆகின்றன. அன்று கைதட்டிய அதே நடுத்தர வர்க்கம் இன்று ஏழு வயசுப் பிள்ளையை மூன்று படிப் பலகையில் ஏற்றிவிடத் துடிக்கிறது.

7. தீபாவின் கதை உங்கள் பக்கச் சாட்சி இல்லை.

எதிர்ப்பக்கத்தின் துருப்புச்சீட்டு இதுதான். தீபாவை ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தவர் அப்பா துலால் கர்மாகர்தானே, அவரே பளுதூக்கும் பயிற்சியாளர்தானே, அப்பா விடாப்பிடியாக நின்றதால்தானே ரியோ ஒலிம்பிக்ஸ் வரை போனார் என்பார்கள். கதையை முழுசாகக் கேட்க வேண்டும். தீபாவுக்குத் தட்டைப் பாதம். குதித்து இறங்கி நிற்க வேண்டிய விளையாட்டில் அது பெரிய தடை. கோச் விஸ்வேஸ்வர் நந்தி அதைச் சரிசெய்யவே பல வருஷம் உழைத்தார். முதல் போட்டியில் தீபா காலணி இல்லாமல், அளவு பொருந்தாத இரவல் உடையில் இறங்கினார் என்று பலமுறை செய்திகளில் வந்திருக்கிறது. அவருடைய ஊரான அகர்தலாவில் வால்ட் பழகச் சரியான உபகரணம்கூட இருக்கவில்லை. ஆறு வயதில் சேர்ந்த பிள்ளைக்கு 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் வெண்கலம் வந்தது 20 வயதில். 2016 ரியோவில் 15.066 வாங்கி, வெண்கலத்தை 0.15-இல் விட்டு நாலாவதாக வந்தார். மெடல் இல்லை. ஆனாலும் நாடே கொண்டாடியது. அந்தக் குடும்பத்திடமிருந்து படிக்க வேண்டியது பதினான்கு வருஷம் காத்திருந்த பொறுமையை. நாம் எடுத்துக்கொண்டது ஆறு வயசு என்ற எண்ணை மட்டும்.

அப்படியானால் பெற்றோர் எதற்கும் தயாராக வேண்டாமா? நிறையத் தயாராக வேண்டும். பிள்ளைக்குப் பதில் தாங்கள். புது லியோடார்டை மீட்டுக்கு முன்னால் ஒரு நாள் வகுப்பில் போட்டுப் பழகவிடுங்கள், கல் பதித்தது இடுப்பில் உறுத்தும். கொலுசு, வளையல், கம்மல் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். மைதானத்தில் கழற்றினால் அழுகையும் வரும், கம்மலும் தொலையும். முடியை இறுக்கி வாரிக் கொண்டை போட்டு நாலு ஊசி கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியே போதும். டப்பாவில் தயிர்சாதம், வாழைப்பழம், தண்ணி. அன்றைக்கென்று புதிதாக எந்த எனர்ஜி பானமும் வேண்டாம். ரிப்போர்ட்டிங் நேரத்துக்குக் கால்மணி முன்னால் போய், மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது அங்கே என்ன நடக்கும் என்பதை. பேர் கூப்பிடுவார்கள். ஜட்ஜ் கை தூக்குவார், நீ கை தூக்கிச் சல்யூட் வை, பிறகு தொடங்கு. மறந்துபோனால் ஞாபகம் இருக்கிறதைச் செய். விழுந்தால் எழுந்து, மூச்சு விட்டு, மறுபடி ஏறு; பீமில் அதற்குப் பெரியவர்களுக்கே 10 விநாடி தருகிறார்கள். முடித்துவிட்டு மறுபடி சல்யூட். விழுவதை ஒரு பேரிடராக வீட்டில் பேசாமல், அதுவும் அன்றைக்கு நடக்கக்கூடிய ஒன்று என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், விழுந்த பிள்ளை பெரும்பாலும் அழாமல் எழுந்துவிடும். நீங்கள் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்; கண் கூசினால் பிள்ளை தடுமாறும், பொதுவாக அதற்கு அனுமதியும் இல்லை. ஜட்ஜிடம் போய் மார்க் கேட்காதீர்கள். அப்பிச்சிக்கும் அம்முச்சிக்கும் முதல் நாளே ஃபோன் போட்டு, "என்ன பிரைஸ் வாங்குனே அம்முணி?" என்று கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அவர்களைத் தயார் செய்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மீட் நடத்தும் கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிரிவுகளுக்கு ரேங்க் அறிவிப்பதை நிறுத்துங்கள். மதிப்பெண் தாளைக் கோச்சிடம் கொடுங்கள், எதில் எவ்வளவு கழிந்தது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். இறங்கிய எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ரிப்பனைக் கட்டி அனுப்புங்கள். "எங்க பிள்ளைதான் நல்லாப் பண்ணுச்சு, அதுக்கு என்னங்க மரியாதை?" என்று சில பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அடுத்த மீட்டுக்கு நுழைவுக் கட்டணம் கட்ட மாட்டோம் என்றும் சொல்வார்கள். கட்டாமல் போகட்டும்.